பேச்சுத்துணைச் செயலி: 'செயற்கைத் துணைவி' என்று எழுதாதீர்கள்

மனிதரைப் போலவே உரையாடும் செயலியை ஆங்கிலத்தில் கம்பானியன் என்கிறார்கள். ஒன்றாக ரொட்டி உண்பவர் என்பது அதன் லத்தீன் மூலப்பொருள். நம் செய்திகளில் அது 'செயற்கைத் துணைவி' ஆகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

துணைவி என்றால் மனைவி. குறளின் 6ஆம் அதிகாரத்துக்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்று பெயர். இன்றைக்கும் அந்தப் பொருள் மாறவில்லை. 'துணை' பொதுச்சொல், ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். 'துணைவி' என்றதுமே ஒரு பெண் வந்துவிடுகிறாள், உயர்திணையாக. தொல்காப்பியர் உயர்திணையை மக்களுக்கு மட்டும்தான் வைத்தார்.

பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதை இலக்கணம் ஒப்புக்கொள்கிறதே என்று கேட்கலாம். சரிதான், உவப்பினால் திணை மாறலாம் என்கிறது நன்னூல். ஆனால் அந்த உவப்பு பசுவை வளர்த்தவருடையது. மாட்டுத் தரகர் 'அம்மை' என்று சொல்லி விற்றால் அது உவப்பா? செயலிக்குத் துணைவி என்று பெயர் வைப்பவர் தரகர் இடத்தில்தான் நிற்கிறார்.

பெயர் தூண்டாமலே மனசு ஒட்டிக்கொள்ளும். 1966இல் வெளியான எலிசா வெறும் எளிய உரையாடல் நிரல். அதை எழுதிய ஜோசப் வைசன்பாமின் செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற இப்படிப்பட்ட உரையாடல் செயலியில் காதல் பேச்சை அதன் நிறுவனம் கட்டுப்படுத்தியபோது, பலர் நெருங்கியவரை இழந்ததுபோல் துக்கப்பட்டார்கள். அந்தத் துக்கம் உண்மையானது. அதனால்தான் பெயரில் நேர்மை வேண்டும் என்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் ஆச்சி, "பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை" என்பாள். அதே ஆச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், "ஏட்டி, ராத்திரி துணைக்குப் படுக்க வாரியா?" என்று கேட்பது வேறு துணை. நெஞ்சு வலித்தால் எழுந்து ஓடி ஆளைக் கூட்டி வருகிற துணை. செயலி தருவது முதல் வகை மட்டும்தான். ஆகவே பேச்சுத்துணைச் செயலி. உடம்போடு வந்தால் பேச்சுத்துணைப் பொறி.

அப்புறம், 'அவள் உங்களைப் புரிந்துகொள்வாள்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று: தமிழில் 'அது' என்ற சொல் இருக்கிறது. 'அது பதில் சொல்லும்' என்று எழுதுங்கள்.