தூங்கும் காதுக்கு எட்டாத அலாரம்

கூரையில் மாட்டிய புகை அலாரம் தெருவே எழுந்துவிடும்படி கத்தும். 3 மீட்டர் தள்ளி அளந்தாலும் 85 டெசிபல். ஆனால் காது மந்தமானவர் இரவில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால், அது அவருக்குக் கேட்காமலே போகலாம். சத்தம் மட்டுமல்ல இங்கே பிரச்சினை, சுருதியும்தான்.

வழக்கமான அலாரம் சுமார் 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடுகிறது. வயதாக ஆக முதலில் மங்குவது உச்ச சுருதிகள்தான். உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவின் தொடக்கத்தில் உள்ள, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அவற்றுக்கானவை. பெரும்பாலும் அவைதான் முதலில் தேய்கின்றன. அப்புறம் ஏன் அதே சுருதி? பேட்டரிக்காக. உள்ளே இருப்பது காசளவு பீசோ தகடு, மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்புவது. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அது சுலபமாக அதிரும், மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி புரக்கும் இயன் தாமஸும் 2007இல் செவித்திறன் குறைந்தவர்களைத் தூங்க வைத்து இதைச் சோதித்தார்கள். 75 டெசிபலுக்குள் கீச்சொலிக்கு எழுந்தவர்கள் 56 சதவீதம். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் 520 ஹெர்ட்ஸ் ‘சதுர அலை’ என்ற ஒலிக்கு எழுந்தவர்கள் 92 சதவீதம். சதுர அலையில் 520 மட்டும் இல்லை. அதன் மும்மடங்கான 1,560, ஐம்மடங்கான 2,600 என்று மேல் சுருதிகளும் கலந்திருக்கும். காதில் ஒரு பகுதி செத்திருந்தாலும் இன்னொரு பகுதி பிடித்துக்கொள்ளும். கேட்க ஹாரன் அடிப்பது போல இருக்கும், இனிமையெல்லாம் கிடையாது. இந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும், மின்சாரமும் கூடுதல். இப்படிப்பட்ட அலாரத்தின் விலை ஏறுவது அதனால்தான்.

அறவே கேட்காதவர்களுக்கு? பளிச் பளிச்சென்று மின்னும் விளக்குதான் முதலில் நினைவுக்கு வரும். அதே சோதனையில் விளக்கு மட்டும் மின்னியபோது எழுந்தவர்கள் 27 சதவீதம்தான். மூடிய இமை, திரும்பிப் படுத்த முகம், இழுத்துப் போர்த்திய போர்வை. இத்தனையும் தாண்டி வெளிச்சம் உள்ளே போக வேண்டுமே. விழித்திருப்பவருக்கு விளக்கு நல்லதுதான். தூங்குபவருக்கு அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது என்பேன்.

ஜப்பானியர்கள் மூக்கு வழியாகவும் முயன்றார்கள். வெறும் வாசனை தூக்கத்தைக் கலைக்காது. புகை நாற்றத்துக்கு எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. ஜப்பானியர்கள் உணவோடு தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுதான வசாபியின் நெடி வேறு ரகம். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் அதே அல்லைல் ஐசோதயோசயனேட்தான் அதிலும். அது வாசனை நரம்போடு நிற்காமல், முகத்தில் எரிச்சலையும் வலியையும் உணர்த்தும் நரம்பையும் தூண்டுகிறது. அதைக் காற்றில் எவ்வளவு கலந்தால் ஆள் எழுவார் என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2011இல், முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

நடைமுறைக்கு ஒத்துவருவது மெத்தைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவி. ஒரு பக்கம் கனம் கூடிய எடையை மோட்டார் சுழற்றும். பல கைப்பேசிகளில் இருப்பதும் இதுவேதான், அளவுதான் சிறியது. அதே சோதனையில் விட்டு விட்டு அதிர்ந்தபோது இது சுமார் 80 சதவீதம் பேரை எழுப்பியது. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல வெறும் கடிகார அலாரங்கள், புகை உணரியோடு அவற்றுக்குத் தொடர்பே இருக்காது. தீப்பிடித்தால் மின்சாரம் போய்விடலாம் என்பதால் மாற்று பேட்டரி உள்ளதா என்றும் பாருங்கள். மாட்டிய பிறகு, காதுக் கருவியைக் கழற்றிவிட்டு வழக்கமாகப் படுக்கும் பக்கம் படுத்து, சோதனைப் பொத்தானை வேறொருவரை அழுத்தச் சொல்லுங்கள்.