வெளிறிய சாயத்தண்ணியும் கிழட்டு நட்சத்திரமும்

உப்புப் போட்டு அவிக்கிற மரவள்ளிக்கிழங்குத் தண்ணி பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால், நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாகிவிடும். குசினியில் நிற்பவர்கள் அடுப்பைத் தணிக்கத்தான் ஓடுவோம். நிறத்தை யார் கவனிக்கிறார்கள்? அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். இப்படி ஒவ்வொரு மூலகத்துக்கும் சொந்தமாகச் சில நிறங்கள் உண்டு.

நட்சத்திரத்தில் கதை தலைகீழ். உள்ளேயிருந்து வரும் ஒளியில் தமக்குரிய நிறங்களை மேற்பரப்பு வாயுவிலுள்ள மூலகங்கள் விழுங்கிவிடுகின்றன. அந்த ஒளியை அரியத்தால் விரித்தால், வானவில்லின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். சூரியனின் கோடுகளை 1814இலேயே பிரவுன்ஹோபர் என்ற ஜேர்மன் இயற்பியலாளர் நூற்றுக்கணக்கில் எண்ணிவிட்டார். பழைய நட்சத்திரம் தேடுகிறவர்களுக்கோ, கோடு குறையக் குறையக் கொண்டாட்டம்.

பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு தந்தது ஐதரசன், ஈலியம், துளி இலிதியம், அவ்வளவுதான். கல்சியமும் இரும்பும் பிற்பாடு நட்சத்திரங்களில் உருவாகி, அவை வெடித்தபோது வெளியே சிதறியவை. பால்வீதியை, தூள் போடப் போடக் கொதித்துக்கொண்டே இருக்கும் ஒரு கேத்தல் என்று வைத்துக்கொள்வோம். (தேத்தண்ணி ருசி பார்க்கும் இஸ்டோர்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.) முதலில் ஊற்றிய கோப்பை வெளிறியிருக்கும், பிந்தியது கடுஞ்சாயம். கோப்பைதான் நட்சத்திரம், தூள்தான் இந்த மூலகங்கள். நட்சத்திரத்தின் மேற்பரப்பு, தான் பிறந்தபோது கிடைத்த வாயுவை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. சூரியனைவிடச் சிறியவை சிக்கனமாக எரிவதால், 1300 கோடி வருடத்துக்குப் பிறகும் சில மிஞ்சியிருக்கின்றன.

தேடுவது தூள் சலிப்பது மாதிரிதான். முதல் சலிப்பில், தொலைநோக்கியின் முன்னே பெரிய அரியத்தை வைத்து, ஒரே படத்தில் ஏராளமான நட்சத்திரங்களைக் குட்டி நிறமாலைகளாகப் பிடிப்பார்கள். ஊதா ஓரத்தில் 393.4 நானோமீற்றரில் கல்சியத்தின் தடித்த கோடு ஒன்று இருக்கிறது. இரும்புக் கோடுகள் மங்கிப்போன நட்சத்திரத்திலும் இது தாக்குப்பிடிக்கும். இதுவே மெலிந்திருந்தால் ஆளைத் தனியே எடுத்துவைத்து, பெரிய தொலைநோக்கியில் மணிக்கணக்காக ஒளி சேர்த்துப் பார்ப்பார்கள்.

இதில் ஏமாறவும் இடமுண்டு. சூடு கூடிய நட்சத்திரத்திலும் அந்தக் கோடு மெலியும். அதனால் வெப்பநிலையைச் சரியாகக் கணிக்காமல் வயசு பேசக் கூடாது. எச்.டி. 140283 என்ற நட்சத்திரத்தைச் சூடானது என்றே முன்பு நினைத்திருந்தார்கள். வானியலாளர்கள் சேம்பர்லெய்னும் அல்லரும் 1951இல், அது அவ்வளவு சூடில்லை, அதில் இரும்பும் கல்சியமும்தான் குறைவு என்று காட்டினார்கள். அப்புறம் இன்னும் வெளிறியவை அகப்பட்டன. 2014இல் அறிவிக்கப்பட்ட ஒன்றில் இரும்புக் கோடு ஒன்றுகூடத் தென்படவில்லை.

எச்.டி. 140283 நமக்குச் சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில், துலாம் பக்கம் இருக்கிறது. ஜூன் கடைசியில் ஹட்டன் பக்கம் மழையும் மூட்டமுமாகக் கிடந்தாலும், பண்டாரவளைப் பக்கம் வானம் வெளுத்திருக்க வாய்ப்புண்டு. இரவு 9 மணிவாக்கில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே, நல்ல பைனாகுலரும் நட்சத்திர வரைபடமும் இருந்தால் பிடித்துவிடலாம். பார்வைக்குச் சின்னப் புள்ளிதான்.