"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுக்கும் முன்

புதிதாக பீர் ஆலை போட்டுவிட்டு, வந்த இயந்திரம் சரியில்லை என்று வக்கீலான என்னிடம் வருகிறவர்கள் முதலில் நீட்டுவது போனைத்தான். "பாருங்க சார், வாரத்துக்கு நாலு பேட்ச் தாராளமா எடுக்கலாம்னு அவரே வாட்ஸ்அப்ல சொல்லியிருக்கார்." சரி, ஒப்பந்தத்தைக் கொடுங்கள் என்றால் இரண்டு பக்கக் கொட்டேஷன் ஒன்று வரும். அதன் கடைசியில் பொடி எழுத்தில், இதற்கு முன் பேசியது எதுவும் கட்டுப்படுத்தாது, இந்தத் தாள் மட்டுமே முழு ஒப்பந்தம் என்று இருக்கும். வாட்ஸ்அப் அங்கேயே பாதி செத்துவிடும்.

ஒரு கட்சிக்காரரின் கொட்டேஷனில் "கிளைக்கால் சில்லர் – 1" (டேங்குகளைக் குளிரவைக்க, கிளைக்கால் என்ற உறையாத திரவத்தைக் குளிர்வித்து ஓடவிடும் இயந்திரம்) என்று எழுதி, பக்கத்தில் கிலோவாட்டில் ஒரு எண் மட்டும் போட்டிருந்தது. இரண்டு டேங்க் நொதித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவதை 2 டிகிரிக்கு இறக்க முயன்றால் இறங்கவே இல்லை. விற்றவரோ, சில்லரின் தகட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், சொன்ன திறன்தானே என்றார். இதில் வேடிக்கை, இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்த எண், கிளைக்கால் 10 டிகிரியில் வெளியே வரும்போது கிடைக்கும் திறன். பீரை அவ்வளவு குளிரவைக்க கிளைக்கால் மைனஸ் 3, மைனஸ் 4 டிகிரியில் ஓட வேண்டும், அப்போது அதே கம்ப்ரஸர் தருவது வெகுவாகக் குறைந்துவிடும். வெளிக்காற்று இத்தனை டிகிரி, கிளைக்கால் மைனஸ் 4, அந்த நிலையில் இத்தனை கிலோவாட் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதாததால் 'திறன்' என்றால் என்ன என்பதற்கே மாதக்கணக்கில் வாதாடினோம்.

அடுத்தது, டேங்க் வாங்கிய இன்னொரு கட்சிக்காரரிடம் லாரி வந்து நிற்கும் நாள். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், முதலாளி வங்கியில் இருக்கிறார், அங்கே நின்றிருந்த மைத்துனர் சலானில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மூன்று வாரம் கழித்து டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், வெல்டு ஓரமாகப் பழுப்புக் கறை. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான், வெல்டு போட்டபின் அமிலம் வைத்துச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் டேங்குக்கு வழக்கமாகப் போடும் 304 ரக ஸ்டெயின்லெஸும் துருப்பிடிக்கும். ஆனால் குளோரின் கலந்த திரவத்தில் கழுவினாலும் பிடிக்கும், விற்றவர் அதைத்தான் சொல்வார், நீங்கள் பிளீச் ஊற்றிவிட்டீர்கள் என்று. முதல் நாள் எடுத்த போட்டோ இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சலானில் "உள்ளே திறந்து பார்க்கவில்லை, சோதனைக்கு உட்பட்டு" என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அந்தக் கட்சிக்காரர் இன்னும் ஒன்று செய்தார், உள்ளூர் வெல்டரைக் கூப்பிட்டுக் கறையை அரைத்து எடுத்துவிட்டார், ஆதாரமும் அதோடு போயிற்று.

வேறு நாட்டிலிருந்து வாங்கினால் நாடுகளுக்கிடையே சரக்கு விற்பதற்கான 1980-ம் ஆண்டு வியன்னா விற்பனை உடன்படிக்கை பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகள் அதில் சேரவில்லை, சேர்ந்த நாடுகளிலும் ஒப்பந்தத்தில் விலக்கி எழுதலாம். பொருந்தினால், சரக்கைச் சீக்கிரம் சோதிக்க வேண்டும், குறை என்ன என்பதை நியாயமான காலத்துக்குள் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு உத்தரவாதக் காலம் இல்லாவிட்டால் பொதுவாகச் சரக்கு கைக்கு வந்ததிலிருந்து 2 ஆண்டுதான் கடைசி எல்லை. "டேங்க் சரியில்லை" என்ற மெயில் போதாது. எந்த டேங்க், எந்த வெல்டு என்று எழுத வேண்டும்.

நஷ்ட ஈடு விஷயத்தில் புது ஆலைக்குக் கூடுதல் சிக்கல். போன வருஷக் கணக்கு என்று காட்ட ஒன்றுமே கிடையாது. 1949-ல் இங்கிலாந்தில் விக்டோரியா லாண்டரி என்ற சலவை நிறுவனம் போட்ட வழக்கில், அது வாங்கிய பாய்லர் 5 மாதம் தாமதமாக வந்தது, வழக்கமான லாப இழப்பைக் கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், விற்றவருக்குத் தெரியாத பெரிய சாய ஒப்பந்தங்களின் லாபத்தைத் தர மறுத்தது. அதனால் திறப்பு நாளையும் கையில் இருக்கும் ஆர்டர்களையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். அப்புறம், கோபத்தில் மொத்தப் பாக்கியையும் நிறுத்தாதீர்கள், எதிர்வழக்குக்கு அதுவே வாசல்.

சில்லர் விவகாரம் சமரசத்தில் முடிந்தது, இரண்டாவது சில்லரின் விலையில் பாதியை விற்றவர் ஏற்றார். டேங்க் விவகாரத்தில், அரைத்து எடுத்த வெல்டைப் பார்த்த நிபுணர் அறிக்கையில் எழுதியது ஒரு வரி: காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை.