எம்டிஎஃப் பலகையில் பளபளப்பு: இன்னொரு கோட்டு அடித்தால் ஓரம் மறையாது

வேறு யாரோ பெயின்ட் அடித்து முடித்த, எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையாலான சமையலறைக் கதவுகள், சரிசெய்து தரும்படி மறுபடியும் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வெள்ளை நிறம், விலையுயர்ந்த பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட், நேரே நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாத முகப்பு. ஆனால் கதவைச் சற்றே சாய்த்து, விளக்கொளி ஓரத்தின் வழியாக ஓடும்படி பிடித்தால், நான்கு விளிம்புகளிலும் நார்நாராகச் சொரசொரப்புத் தெரிகிறது. ரூட்டர் என்ற வெட்டும் கருவி ஓட்டிய பள்ளங்களில் அது இன்னும் மோசம். கொண்டு வந்தவரின் கோரிக்கை வழக்கமானதுதான்: "இதன்மேல் இன்னொரு கோட்டு அடித்துக் கொடுத்துவிடுங்கள், மறைந்துவிடும்." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறையாது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் சிறு மேடுபள்ளங்களை மன்னித்துவிடும். பளபளப்புப் பெயின்ட் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால் முடியளவு பள்ளத்தையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். ஆகவே பளபளப்பைக் கூட்டக் கூட்டக் குறை மறைவதில்லை, வெளிச்சத்துக்கு வருகிறது. பளபளப்பை அளக்கும் கருவியைக் காட்டி 60 பாகைக் கோணத்தில் 90 வந்துவிட்டது என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. அந்தக் கருவி திரும்பி வரும் ஒளியின் அளவை மட்டுமே சொல்கிறது. அலையலையாக நெளிந்திருக்கும் பரப்பும் நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

"பெயின்ட் பள்ளத்தை நிரப்பிவிடாதா?" என்ற கேள்விக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழமுள்ள ஒரு பள்ளத்தை ஈரப் பெயின்ட் முழுவதும் நிரப்பி, மேற்பரப்பு மட்டமாகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் பெயின்டில் கன அளவில் பாதி தின்னர் என்றால், காயும்போது அந்தப் பாதி ஆவியாகப் போய்விடும். மேட்டின்மேல் இருக்கும் மெல்லிய படலம் கொஞ்சம் சுருங்கும். பள்ளத்தின்மேல் இருக்கும் தடித்த படலம் அதிகம் சுருங்கும். விளைவாக 20 மைக்ரான் பள்ளம் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். அடுத்த கோட்டில் 10, அதற்கடுத்ததில் 5 என்று அது பாதிபாதியாகக் குறையுமே தவிரத் தீர்ந்துபோகாது. அதற்குள் படலம் தடித்து, உள்ளே சிக்கிய தின்னர் வாரக்கணக்கில் வெளியேறி, கொடுத்த அன்று அழகாக இருந்த கதவு அடுத்த மாதம் உள்வாங்கிச் சோர்ந்து நிற்கும். இதே வேலையை 320 எண் உப்புத்தாளும் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) ஒரு தட்டையான கட்டையும் பிரைமர் நிலையிலேயே, அதாவது நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சிலேயே, முடித்துவிடும், ஏனெனில் தேய்ப்பு என்பது மேட்டைக் குறைப்பது. மேட்டைக் குறைக்க வேண்டிய இடத்தில் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போவதுதான் இன்னொரு கோட்டு என்ற எண்ணத்தின் அடிப்படைப் பிழை.

ஓரத்தில் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. எம்டிஎஃப் என்பது மர நாரையும் பிசினையும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்த பலகை. அழுத்தம் வாங்கிய இரு முகப்புகளும் இறுகியிருக்கும், நடுப்பகுதி அந்த அளவுக்கு இறுகியிருக்காது. பலகையை அறுத்தவுடன் வெளியே தெரிவது அந்த இளகிய நடுப்பகுதிதான். ஐயம் இருப்பவர்கள் ஒரே தூரிகையால் சீலரை (பலகையின் நுண்துளைகளை அடைக்கும் முதல் பூச்சை) முகப்பிலும் ஓரத்திலும் தடவிப் பார்க்கலாம்: முகப்பில் ஈரப்பளபளப்பு சிறிது நேரம் நிற்கும், ஓரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, தடவிய சுவடே இல்லாமல் உலர்ந்துபோகும். உறிஞ்சிய நார்கள் நிமிர்ந்து நிற்கும். அவற்றைத் தேய்த்து அறுக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு நாரும் ஒரு கொப்புளமாகத் தடிக்குமே அல்லாமல் அடங்காது.

எனவே ஓரத்தைத் தனி வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அறுத்த தடம் போகும்வரை 180, பிறகு 240, பிறகு 320 எனப் பலகையின் ஓரத்தை முகப்பைவிடவும் கவனமாகத் தேய்த்துவிட்டு, பியூ சீலரைத் தின்னர் கூட்டி நீர்க்க அடிக்க வேண்டும். அது ஆழமாக இறங்கிக் காய்ந்தபின், நிமிர்ந்த நாரை 320 தாளால் அறுத்துவிட்டு, அடுத்த பூச்சைத் தின்னர் குறைத்து அடிக்க வேண்டும். எத்தனை முறை என்று என்னைக் கேட்காதீர்கள், ஓரத்தைக் கேளுங்கள்: பூச்சு உறிஞ்சப்படாமல் மேலே ஈரமாக நிற்கும்வரை. தண்ணீரில் கரையும் சாதாரண பிரைமரைப் எதுவும் பூசாத வெறும் பலகையின்மேல் முதல் பூச்சாக அடிப்பது, நாரை நாமே ஊறவைத்து உப்பவிடுவதற்குச் சமம்.

சுவருக்குப் பூசும் பட்டியை எம்டிஎஃப் ஓரத்தில் பூசுபவர்களை என்ன சொல்வது? அது சிமென்ட் கலந்த தூள், தண்ணீர் விட்டுக் குழைப்பது, சுவருக்காகச் செய்யப்பட்டது. அந்தத் தண்ணீரில் ஓரம் உப்பும், உலர்ந்த பட்டி மாவாக உதிரும், கதவு ஒருமுறை எங்கேனும் இடித்தால் பெயின்டோடு சேர்ந்து சில்லாகப் பெயரும். மலிவு என்பதற்காக இதைச் செய்யாதீர்கள். மரவேலைக்கான என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியையும் தடிமனாக அப்பக் கூடாது. ஊசித் துளைக்கும் சிறு கீறலுக்கும் மட்டுமே அது உதவும்.

கூர்மையான விளிம்பில் எந்தப் பெயின்டும் நிற்காது. ஈரப்படலம் கூர்முனையிலிருந்து இருபுறமும் விலகிப்போவதால் அங்கே படலம் மிக மெலிந்திருக்கும்; பிறகு தேய்க்கும்போதும் பாலிஷ் போடும்போதும் முதலில் பல்லைக் காட்டுவது அந்த இடம்தான். எல்லா விளிம்புகளையும் 1 முதல் 2 மி.மீ. வரை உருட்டிவிடச் சொல்லித் தச்சரிடம் முன்பே பேசிவிடுங்கள். கூர்மையாக இருந்தால்தான் நவீனமாகத் தெரியும் என்று வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால், அந்த விளிம்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஈரம் தாங்கும் வகையான பச்சை நிறப் பலகை வாங்கிவிட்டோம் என்று நிம்மதி கொள்பவர்களுக்கும் ஒரு சொல்: பச்சை என்பது அடையாளத்துக்காகச் சேர்த்த சாயம்; அந்தப் பலகை ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரில் நிற்காது.

முகப்பு ஒப்பீட்டளவில் எளிது. தடித்து நிற்கும் பிரைமரை இரண்டு மூன்று கோட்டு அடித்து, நன்றாகக் காய்ந்தபின், அதன்மேல் கறுப்புத் தூளை லேசாகத் தேய்த்துவிட்டுக் கட்டையில் சுற்றிய தாளால் தேய்க்கத் தொடங்க வேண்டும். மேடெல்லாம் வெளுத்துவிடும், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கறுப்பு மிஞ்சி நிற்கும். அந்தக் கடைசிக் கறுப்புப் புள்ளி போகும்வரை நிறத்தைத் தொடாதீர்கள். வெறுங்கையால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல்களுக்கிடையே மேடு மிஞ்சும். அந்த வரிகள் பிரைமரில் தெரியாது, பளபளப்பில் தெரியும். பின்புறம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை வெறுமனே விட்டுவிடுவதும் தவறு, ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கி விடும் பலகை வளைந்துவிடும்.

நிறம் அடிக்கும் கட்டத்தில் சொல்ல அதிகமில்லை. கலவை விகிதம் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று, பெயின்டை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் படலம் நொறுங்கும் தன்மை பெறும், அவ்வளவுதான். இரண்டு கோட்டுகளுக்கிடையே சொன்ன நேரம் காத்திருங்கள். பட்டறைக்குள் சிலிக்கான் ஸ்ப்ரே எதுவும் நுழையக் கூடாது, நுழைந்தால் பெயின்ட் வட்டவட்டமாக விலகிக் குழி விழும்.

இனிச் சொல்லப்போவதை, வீட்டிலேயே பியூ பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று காணொளி பார்த்துத் துணிபவர்கள் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இரு பகுதிப் பியூ பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூடுபனியாகப் பரவும் அது நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலுக்குப் போதும். நாசிக்கு வாடை எட்டும் முன்பே அதன் அளவு பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருக்கும் என்பதால், 'வாடை வரவில்லை, முகக்கவசம் வேலை செய்கிறது' என்ற நம்பிக்கைக்குப் பொருளில்லை. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் கவசமும் காற்று வெளியேறும் அறையும் இல்லாதவர்கள் இந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவதே சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் டைஐசோசயனேட் கொண்ட பொருளைத் தொழிலில் கையாள 2023 ஆகஸ்ட் முதல் முறையான பயிற்சி கட்டாயமாகியிருக்கிறது. காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை.

பாலியெஸ்டர் பிரைமரில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. அதை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் பெராக்சைடு கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது; கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றைப் பிரைமரில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றது. எம்டிஎஃப் தூளையும் இலேசாக நினைக்காதீர்கள்: மரத்தூள், பலகையின் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு ஆகிய இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தூளை உறிஞ்சும் இயந்திரத்தோடு தேயுங்கள். கைக்குட்டை கட்டிக்கொள்வது எதற்கும் பயன்படாது.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த கதவைப் பார்த்துக் குறை சொல்வதைவிட, நிறம் ஏறும் முன் பிரைமர் நிலையில் பட்டறைக்கு வந்து, ஒரு கைவிளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து ஓரத்தையும் பள்ளங்களையும் பாருங்கள். அப்போது கண்டுபிடித்த குறைக்கு மீண்டும் ஒரு தேய்ப்பும் ஒரு பூச்சும் போதும். நிறம் காய்ந்த பிறகு 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரால் (நீர் விட்டுத் தேய்க்கும் தாளால்) இழைத்து, கம்பவுண்டு என்ற மெருகேற்றும் பசை போடுவது, தூசித் துகளையும் மேற்பரப்பின் சிறு நெளிவையும் எடுக்கத்தானே தவிர, ஓரத்தின் நாரை எடுக்க அல்ல.

ஏற்கெனவே கெட்டுப்போன கதவுகளை வைத்திருப்பவர்கள் மேலே ஒன்றும் அடிக்காதீர்கள். நார் மட்டுமே தெரிகிறது என்றால் ஓரத்தைப் பலகைவரை தேய்த்து இறக்கி, சீலரிலிருந்து மறுபடியும் தொடங்கிச் சரிசெய்யலாம். விரலால் தடவும்போது ஓரம் முகப்பைவிடத் தடித்துப் புடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அப்படி உப்பிய எம்டிஎஃப் உலர்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அந்தப் பலகைக்குக் கூலி கொடுப்பதைவிடப் புதுப் பலகை அறுப்பது மலிவு.