சைபோர்க்: சொல் விளக்கம்

சைபோர்க் என்றால் எஃகுக் கையும் சிவப்பாக எரியும் கண்ணும் கொண்ட திரைப்பட வில்லன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். ஆனால் உடலோடு இணைந்து தானாக இயங்கும் கருவியைக் கொண்ட உயிரியைக் குறிக்கும் இந்தச் சொல், விண்வெளி வீரரின் உயிரைக் காக்கும் யோசனையோடு பிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மருத்துவமனையில் பணிபுரிந்த மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் இருவரும் 1960 செப்டம்பரில் 'அஸ்ட்ரோநாட்டிக்ஸ்' இதழில் இதை விளக்கி எழுதினார்கள்.

பூமியின் காற்றையும் சூழலையும் மூட்டை கட்டிக்கொண்டு போவதைவிட, விண்வெளிக்கு ஏற்ப உடலையே தகவமைக்கலாம் என்பது அவர்கள் வாதம். எடுத்துக்காட்டாக, எலியின் தோலுக்கடியில் வைத்த ஒரு சிறு பம்பைக் காட்டினார்கள். அது மருந்தை மெதுவாக, விடாமல் செலுத்திக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கருவிகள் வீரர் கவனிக்காமலே இயங்கினால், அவருக்குச் சிந்திக்கவும் ஆராயவும் நேரம் மிஞ்சும். அவர்கள் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'சைபர்னெட்டிக்' (தன்னைத்தானே திருத்திக் கட்டுப்படுத்தும்), 'ஆர்கனிசம்' (உயிரி) என்ற இரண்டின் முன்பகுதிகளைச் சேர்த்தால் சைபோர்க். முதற்சொல்லை 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் நூலாக்கிப் பரப்பினார். அதன் கிரேக்க வேருக்கு மீகாமன் என்று பொருள். கப்பல் திசை விலகுவதைப் பார்த்துப் பார்த்துச் சுக்கானைத் திருத்துபவர் அவர். சூடு ஏறினால் வியர்த்து நம் உடல் தன்னைத் திருத்திக்கொள்வதும் அதே வேலைதான்.

விண்வெளி வீரரின் திறனைக் கூட்ட மூளையில் சில்லு பொருத்தும் பேச்சையும் இந்தப் பொருளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய சில்லில் 1,024 மின்முனைகள் இருந்தன. சில வாரங்களில் மின்முனைகளைத் தாங்கிய அதன் நுண்ணிழைகள் பல, மூளைத் திசுவிலிருந்து விலகின. இது பூமியிலேயே நடந்தது. எடையின்மையில் உடல்நீர் தலைப்பக்கம் ஏறுகிறது. நீண்ட பயணத்துக்குப் பின் மூளை மண்டையோட்டுக்குள் சற்று மேலே நகர்ந்திருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியுள்ளன. அங்கே அந்த இழைகள் நிலைக்குமா என்று சோதிக்காமல் வீரரின் திறனைக் கூட்டப் போவது ஆபத்து. செயற்கை நுண்ணறிவு அவருடைய களைப்பைக் கண்டு எச்சரிக்கட்டும். சுக்கானை அவர் கையிலிருந்து பிடுங்கினால் சொல்லின் முதல் நோக்கமே கெட்டுவிடும்.

தமிழில் 'இயந்திர மனிதன்' என்பது பொருந்தாது, அது ரோபோ. எலிக்கும் பொருந்திய சொல்லில் 'மனிதன்' வரவும் கூடாது. 'கருவியிணை உயிரி' என்பதை நான் முன்மொழிகிறேன். மூக்குக்கண்ணாடி போட்டவர் இதில் சேரமாட்டார், ஏனென்றால் கண்ணாடி உடலுக்குள் தானாக இயங்குவதில்லை, எதையும் உணர்ந்து திருத்துவதுமில்லை. இதயத்துடிப்பு குறைவதை உணர்ந்து தூண்டும் பேஸ்மேக்கரோடு வாழ்பவர் சேர்வார்.