நகல் எடுத்ததும் வட்டு ஏன் பருத்துவிட்டது?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்டிருக்கிறார்: "500 ஜிபி மெய்நிகர் வட்டு, பழைய ஸ்டோரேஜில் 60 ஜிபிதான் பிடித்திருந்தது. புதிய ஸ்டோரேஜுக்கு நகல் எடுத்ததும் 500 ஜிபியையும் விழுங்கிவிட்டது. வைரஸா ஐயா?"

வைரஸ் இல்லை. அந்த வட்டில் இருந்த துளைகள் அடைபட்டுவிட்டன.

மெய்நிகர் வட்டு என்பது, கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் எந்திரத்துக்கு வட்டாக இருக்கும் ஒரு பெரிய கோப்புதான். 'திக்' வகை முழு இடத்தையும் முதலிலேயே பிடித்துக்கொள்ளும். 'தின்' வகை எழுத எழுத வளரும். இதுவரை தெரிந்த கதை. அந்த மிச்ச 440 ஜிபி எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த இடம்.

எங்கேயும் இல்லை! தோட்டத்து வீடமைப்புத் திட்டத்தில் எல்லா மனைக்கும் எண் போட்டிருப்பார்கள், வீடு எழும்பியிருப்பது சிலவற்றில்தான். கோப்பின் எந்தப் பகுதி வட்டில் எங்கே இருக்கிறது என்று கோப்பு முறைமை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. யாரும் எழுதாத பகுதிக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்காது, அதுதான் துளை. அங்கே படிக்கக் கேட்டால், தரவைத் தேடிப் போகாமலே பூஜ்ஜியங்களை உருவாக்கித் தந்துவிடும். கேட்ட நிரலுக்கு இது துளையா, யாரோ எழுதிவைத்த பூஜ்ஜியமா என்று தெரியாது. எஸ்சிபி போல, கணினிகளுக்கிடையே கோப்பை நகலெடுக்கும் கருவி அத்தனை பூஜ்ஜியங்களையும் வாங்கி, மறுபக்கத்தில் நிஜமாகவே எழுதிவிடும்.

'அடுத்த துளை எங்கே?' என்று கேட்கும் வசதி லினக்ஸுக்கு 2011இல் வந்தது. என்எஃப்எஸ் (வலைப்பின்னலில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியே அதைக் கேட்க 4.2 பதிப்பு வேண்டும். பழைய பதிப்பில் இணைத்திருந்தால் துளைகள் கண்ணுக்கே படாது. சர்வரை மாற்ற நாள் நட்சத்திரம் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. எந்த நாளில் செய்தாலும் துளை தெரியாத கருவி அதை அடைத்தே தீரும்.

சரி, சோதிப்பது எப்படி? 'எல்எஸ்' கட்டளை காட்டுவது கோப்பின் பெயரளவு நீளம், 'டியு' காட்டுவது உண்மையில் பிடித்த இடம். இரண்டு பக்கமும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆர்சிங்க் என்ற நகல் கருவி என்றால் 'ஸ்பார்ஸ்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். விஎம்வேர் என்ற மெய்நிகர் எந்திர மென்பொருளில் நகர்த்தும்போது 'தின்' என்று நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால் என்எஃப்எஸ் ஸ்டோரேஜில் பல நேரம் அந்த சர்வர்தான் வடிவத்தை முடிவு செய்யும்.

இன்னொரு சிக்கல், அழித்த கோப்புகள். உள்ளே இருக்கும் இயங்குதளம் அழித்ததாகக் குறித்துக்கொண்டாலும் பழைய தரவு வட்டில் அப்படியே கிடக்கும், அது பூஜ்ஜியம் அல்ல. நகலெடுக்கும் முன் உள்ளே, காலியான இடங்களை வட்டுக்குத் தெரிவிக்கும் 'எஃப்எஸ்டிரிம்' கட்டளையை ஓட்டினால், அந்த ஏற்பாடு இருக்கும் அமைப்பில் இடம் விடுபடும். அதற்குப் பதில் காலி இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பும் வழியில் கவனம் தேவை: தின் வட்டு முதலில் முழு அளவுக்கு வீங்கும், ஸ்டோரேஜ் நிறைந்து மற்ற எந்திரங்களும் நின்றுபோகலாம்.

ஏற்கனவே பருத்த வட்டை எந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தின்னாக மாற்றலாம். க்யூஎம்யூ என்ற மெய்நிகர் எந்திர மென்பொருளின் வட்டு வடிவம் மாற்றும் கருவி, பூஜ்ஜியமாக இருக்கும் பகுதிகளைக் கண்டுபிடித்துத் தாண்டிவிடும். புதிய நகலில் எந்திரம் ஒழுங்காகக் கிளம்பிய பிறகே பழையதை அழியுங்கள்.