கூரை ஓட்டுக்கு யார் பணம் தருவது?

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சீர்செய்வது என் தொழில். கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், பெயிண்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். வீட்டில் ஏணி இருக்கிறதா என்று நான் கேட்பேன்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் போன வருடம் பார்த்த வீடு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், தரையில் இத்தாலியப் பளிங்கு, எல்லாம் சுத்தம். நடு முற்றமான வளவுக்குள் போனால் ஒரு மூலையில் சுவர்ப் பூச்சு வயிறு தள்ளி நின்றது. கொத்தனார் விரலை மடக்கித் தட்டினார், உள்ளே பொள்ளல். கூரையேறிப் பார்த்தோம். இரண்டு பக்கக் கூரையும் கூடுகிற இடத்தில் தகடு அரித்துப்போய், அதில் முழ உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. முன்பு யாரோ அங்கே சிமெண்டைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். கீழே சுவருக்கும் அதே வைத்தியம்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளும். கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பழைய பூச்சை இன்றைக்கும் செய்யலாம். ஆனால் சுண்ணாம்பு புளிக்க நாளாகும். அடுத்த மாதம் கல்யாணம் என்று வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

தகடு மாற்றுவது பெரிய செலவே இல்லை. ஆனால் வீட்டில் பங்கு 23 புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான 23 குடும்பங்களுக்கு. பாதிப் பேர் சென்னையில், சிலர் மலேசியாவில். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். வருமானம் நின்றது, பங்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்தது. ஒழுகுகிற மூலை யாருடையது என்று கேட்டால் பதில் வராது. கடைசியில் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. நானும் அங்கே தாழ்ப்பாள் வாங்கியவன்தான், மறைக்கவில்லை.

இந்த வீட்டில் வழி சொன்னது ஓர் ஆச்சி. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்தபோது, "தம்பி, மொய் எழுதுற மாதிரி இதுக்கும் ஒரு நோட்டுப் போட்டுருங்க" என்றார். போட்டோம். புள்ளிக்கு இவ்வளவு, சாவி யாரிடம், ஐப்பசி மழைக்கு முன் ஓடு பிரித்து அடுக்க யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு வரை எல்லோரையும் கேட்காமல் செலவழிக்கலாம். நான் எழுதித்தரும் பராமரிப்புத் திட்டங்களில் இதைவிட உருப்படியான பக்கம் கிடையாது.

வீட்டுக்குள் இது போதும், தெருவுக்குப் போதாது. வளவில் விழும் மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போக வேண்டும். ரோடு போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் ரோடு வீட்டு வடிகாலைவிட உயர்ந்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின, நல்லதுதான். ஆனால் பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி ஊராட்சியில் நாம்தான் போய் நிற்க வேண்டும், ஒரு வீட்டுக்காரராக அல்ல, தெருவாக.

அந்த வீட்டுக்கு இந்த வருடம் புரட்டாசியில் ஓட்டுவேலைக்கு ஆள் சொல்லியாயிற்று. 23 புள்ளியில் 17 வந்திருக்கிறது. ஏணி இன்னும் பக்கத்து வீட்டு இரவல்தான்.